பம்பரில் ஒரு பெயர், சாக்கடை மூடியில் ஒரு பெயர்

இப்போது வருகிற சில கார்களைக் கவனித்திருப்பீர்கள். வண்டியின் பெயரைத் தனியாக வார்த்து ஒட்டுவதில்லை. பின்பக்க பம்பர் பிளாஸ்டிக்கிலேயே எழுத்தைப் பள்ளமாக இறக்கி விடுகிறார்கள். பம்பருக்கு என்ன நிறமோ அதுதான் எழுத்துக்கும். பத்தடி தள்ளி நின்றால் ஒன்றும் தெரியாது. அவ்வளவு காசு கொடுத்து வாங்கிவிட்டுப் பெயர் தெரியாமல் ஓட்டுவதா என்று நம் ஆட்களுக்குக் கை பரபரக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சின்ன டப்பா பெயிண்டும் பிரஷ்ஷுமாக வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து விடுவார்கள்.

நான் வேலை பார்ப்பது ஹவுராவில். ஹூக்ளி ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்கத்தா, இந்தப் பக்கம் நாங்கள். எங்கள் குடியிருப்பிலும் போன குளிர்காலத்தில் ஒருவர் இந்த வேலையைச் செய்தார். பெங்காலி, ரயில்வேயில் இருக்கிறார். நான் 'தாதா' என்றுதான் கூப்பிடுவேன். (இங்கே தாதா என்றால் அண்ணன். நம்ம ஊர் சினிமா அர்த்தத்தில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.) வேடிக்கை பார்க்கப் போனவன் அரை மணி நேரம் அங்கேயே நின்று விட்டேன். அன்று தலையில் ஏறிய விஷயம்தான் இந்தக் கட்டுரை.

முதலில் செய்முறையைச் சொல்லி விடுகிறேன், யாருக்காவது உதவும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைக்க வேண்டும். பள்ளத்தின் மூலைகளில் மெழுகுப் பாலீஷ் ஒளிந்திருக்கும். அதை ஸ்பிரிட் தொட்ட துணியால் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயிண்ட் பிடிக்காது. சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக் என்றால் பிளாஸ்டிக்குக்கான பிரைமர் ஒரு கை. எழுத்தைச் சுற்றி டேப். பிறகு மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு. ஒரே தடவையில் கெட்டியாக ஊற்றினால் ஓரத்தில் வழியும், வெயிலில் வெடிக்கும். வெளியே பட்டதைத் துடைக்கத் துணியை விரலில் சுற்றக் கூடாது, விரல் பள்ளத்துக்குள் போய்ப் பெயிண்டையும் எடுத்து விடும். ஒரு தட்டையான அட்டையில் துணியைச் சுற்றி மேலாக இழுக்க வேண்டும். வீரியமான தின்னர் போட்டால் வண்டியின் பளபளப்பும் சேர்ந்து போய்விடும், ஜாக்கிரதை.

தாதா கடைசித் துடைப்பைத் துடைத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார். "எழுத்து கம்பெனியுடையது, நிறம்தான் என்னுடையது."

எனக்கு அது ஒரு கணக்குப் புத்தக வரி மாதிரிப் பட்டது. நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் இது யார் கணக்கில் வரவு, யார் கணக்கில் பற்று என்றுதான் புத்தி போகும். ஒரு பொருளின் மேல் இருக்கிற எழுத்துகளையும் அப்படிப் பிரிக்கலாம். பொருளோடு பிறந்த எழுத்து ஒன்று, பிறகு பூசிய எழுத்து இன்னொன்று. பிறந்த எழுத்தை அழிக்க வேண்டுமானால் பொருளையே உடைக்க வேண்டும். பூசிய எழுத்துக்கு அரை லிட்டர் டர்பன்டைன் போதும்.

பூசிய எழுத்துக்கு எங்கள் தொழிலிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. லாரிகளிலும் பஸ்களிலும் இன்னாருக்கு 'ஹைப்பாதிகேட்டட்' என்று ஒரு வங்கியின் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்டி ஓட்டுகிறவரிடம் இருக்கிறது, ஆனால் கடனுக்கு ஈடு என்று அதற்கு அர்த்தம். சட்டப்படி அந்த ஈட்டைக் காப்பாற்றுவது பெயிண்ட் இல்லை. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 51வது பிரிவின்படி ஆர்.சி. புத்தகத்தில் ஏறுகிற பதிவுதான் காப்பாற்றுகிறது. ஏற்ற 34ஆம் எண் படிவம், கடன் அடைந்த பிறகு நீக்க 35ஆம் எண் படிவம். ஆனாலும் அந்தப் பெயிண்ட் வரிக்கு ஒரு மரியாதை உண்டு. கடைசித் தவணை கட்டிய அன்றே, 35ஆம் படிவம் கைக்கு வருவதற்கு முன்பே, அந்த வரியைச் சுரண்டி எடுத்துவிட்டு என்னிடம் காட்ட வண்டியைக் கிளை வாசலுக்கே கொண்டு வந்தவரும் உண்டு. எட்டு வயதுப் பையன் மாதிரிச் சிரித்தார்.

பொருளோடு பிறக்கிற எழுத்துக்கு வருவோம். அதற்கு ஹவுராவை விடப் பொருத்தமான ஊர் கிடையாது.

1854 ஆகஸ்ட் 15ஆம் தேதி கிழக்கிந்தியாவின் முதல் பயணி ரயில் ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்குக் கிளம்பியது. (ஆகஸ்ட் 15க்கு அப்போது வேறு விசேஷம் எதுவும் கிடையாது.) ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் ரயில், ரயில் போகிற வழியில் ராணிகஞ்ச் நிலக்கரி. இரும்பு வேலைக்கு வேறென்ன வேண்டும்? 1781ல் ஆரம்பித்த பர்ன் கம்பெனியின் பெரிய தொழிற்சாலை ஹவுராவில்தான் இருந்தது. அதைச் சுற்றிக் கொல்லுப் பட்டறைகளும் லேத் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் முளைத்தன. வெள்ளைக்காரர்கள் ஹவுராவைக் கிழக்கின் ஷெஃபீல்ட் என்று அழைத்தார்கள். பர்ன் கம்பெனி தேசியமயமாகி, பர்ன் ஸ்டாண்டர்டு ஆகி, கடைசியில் 2018ல் அதை மூடிவிட மத்திய அரசு முடிவு செய்தது. சின்ன வார்ப்படச் சாலைகள் மட்டும் பெலிலியஸ் ரோடு, தாஸ்நகர், லிலுவா என்று இன்னும் இருக்கின்றன. கடன் கணக்குகளைப் பார்வையிட இந்தச் சந்துகளில் நான் நிறைய நடந்திருக்கிறேன். இங்கே பவுண்டரி என்றால் கிரிக்கெட் ஞாபகம் யாருக்கும் வராது.

வார்ப்படத்தில் எழுத்து எப்படி வருகிறது? மரத்திலோ அலுமினியத்திலோ முதலில் ஒரு மாதிரி செய்வார்கள். 'பேட்டர்ன்' என்பார்கள். செய்ய வேண்டிய பொருளை விட அது ஒரு துளி பெரிதாக இருக்கும், ஏனென்றால் உருகிய இரும்பு குளிரும்போது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். பேட்டர்ன் மிஸ்திரியின் அளவுகோலே கொஞ்சம் நீட்டிப் போட்ட அளவுகோல்! எழுத்துகள் தனித்தனி உலோக அச்சுகளாக இருக்கும், அவற்றை மாதிரியின் மேல் வரிசையாகப் பதிப்பார்கள். ஈர மணலில் மாதிரியை வைத்து இறுக்கி எடுத்தால் மணலில் எழுத்து பள்ளமாகவும் கண்ணாடியில் பார்ப்பது போல் திரும்பியும் விழும். அதில் இரும்பை ஊற்றி ஆறியதும் உடைத்தால் எழுத்து நேராக, மேடாக வெளியே வரும்.

பள்ள எழுத்து வேண்டுமென்றால் மணலில் எழுத்து மேடாக நிற்க வேண்டும். மெல்லிய மணல் மேடு, மேலே கொதிக்கிற இரும்பு. ஓரம் இடிந்தால் 'ஈ' என்பது 'எஃப்' ஆகிவிடும். அதனால்தான் மணல் வார்ப்பில் மேட்டு எழுத்தே அதிகம். காரின் பம்பர் எஃகு அச்சில் வார்க்கிற பிளாஸ்டிக். எஃகில் மேடாகச் செதுக்கிய எழுத்து உடையாது, அதனால் அங்கே பள்ள எழுத்து சுலபம்.

நிறம் கொடுப்பதும் இரண்டுக்கும் வேறு வேறு. பள்ள எழுத்துக்கு நிரப்பித் துடைக்க வேண்டும். மேட்டு எழுத்துக்கு மொத்தமாகப் பூசி, காய்ந்ததும் மேல் முகத்தை மட்டும் எமரித் தாளால் தேய்க்க வேண்டும். இருண்ட பூச்சுக்கு நடுவில் எழுத்து மட்டும் பளிச்சென்று நிற்கும். பழைய லேத் மெஷின்களின் பெயர்த் தகடுகளை இங்கே அப்படித்தான் புதுப்பிக்கிறார்கள். செப்டம்பர் 17 வாக்கில் வருகிற விஸ்வகர்மா பூஜைக்கு ஹவுராவில் பட்டறைகள் பளபளக்கும். நம்ம ஊர் ஆயுத பூஜையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே சுண்டல், பொரி. இங்கே கிச்சடி, காற்றாடி.

இந்தச் சந்துகளில் வார்த்த எழுத்துகள்தான் நியூயார்க் வரை போயிருக்கின்றன. அமெரிக்காவில் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் பலர் இதைக் காலால் மிதித்தே நடந்திருப்பார்கள். நியூயார்க் தெருக்களில் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள மேன்ஹோல் மூடிகள் கிடக்கின்றன. மாநகராட்சியின் சாக்கடை மூடி, மின்சாரக் கம்பெனியான கான் எடிசனின் மூடி என்று பல வகை. அவற்றில் பலவற்றின் மேல் ஆங்கிலத்தில் 'மேட் இன் இந்தியா' என்று மேடாக நிற்கும். அந்த இந்தியாவுக்குள் பெரிய பங்கு ஹவுராவுக்கு.

நாட்டுப் பெருமைக்காக யாரும் அதை வார்க்கவில்லை. அதற்குப் பின்னால் ஒரு வியாபாரச் சண்டை இருக்கிறது. மலிவான இந்திய வார்ப்படங்கள் வந்து குவிவதாக அமெரிக்க உற்பத்தியாளர்கள் முறையிட்டதில், 1980ல் இந்திய இரும்பு வார்ப்படங்கள் மேல் மானிய எதிர்ப்பு வரி விழுந்தது. 1986ல் கட்டுமான வார்ப்படங்களுக்குப் பொருள் குவிப்பு எதிர்ப்பு வரி. நடுவில் 1984ல் அமெரிக்க வர்த்தகச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. மேன்ஹோல் மூடி, சட்டம் ஒவ்வொன்றிலும் அது தயாரான நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், அதுவும் அச்சடித்தோ, வார்ப்பிலேயே எழுத்தாக வந்தோ, செதுக்கியோ இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. இன்று இருக்கும் வாசகம் இன்னும் கறார். மேல் பரப்பிலேயே இருக்க வேண்டும். விதிவிலக்கு கிடையாது.

யோசித்துப் பாருங்கள். சாதாரண இறக்குமதிச் சாமானுக்கு ஒரு லேபிள், ஒரு முத்திரை போதும். மேன்ஹோல் மூடிக்குப் பெயிண்ட் செல்லாது! இது வெளிநாட்டுச் சரக்கு என்று அடையாளம் காட்டி ஒதுக்க எழுதச் சொன்ன எழுத்து அது. விளைவு? நகரத்தின் பெயரும் கம்பெனியின் பெயரும் இருக்கிற அதே இரும்பில், அவற்றைப் போலவே அழியாமல் நம் நாட்டின் பெயரும் உட்கார்ந்து கொண்டது. டாக்ஸி டயர்களுக்கும் பனிக்கும் உப்புக்கும் தப்பித்து அது அங்கே கிடக்கிறது.

ஆனால் வரவு வைத்ததோடு நிறுத்தினால் கணக்கு பொய்க் கணக்கு. 2007 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் ஹவுரா வார்ப்படச் சாலை ஒன்றைப் பற்றிப் படங்களுடன் செய்தி வந்தது. வெறுங்கால், வெற்று மார்பு, கையில் உருகிய இரும்பு. படித்தவர்கள் அதிர்ந்து போனார்கள். அதைத் தொடர்ந்து, வெளிநாட்டு ஒப்பந்தங்களில் தொழிலாளர் பாதுகாப்பு நிபந்தனைகளைச் சேர்க்கப் போவதாகக் கான் எடிசன் சொன்னது. 2014ல் நடாஷா ரஹேஜா என்பவர் 'காஸ்ட் இன் இந்தியா' என்று ஒரு ஆவணப்படம் எடுத்தார். நியூயார்க் மூடிகளை வார்க்கிற ஹவுராத் தொழிலாளர்களைப் பற்றியது. நான் போன சாலைகளில் சிலவற்றில் பூட்ஸும் கையுறையும் பார்த்திருக்கிறேன். சிலவற்றில் என் கண்ணுக்குப் படும்படி ஆணியில் தொங்கவிட்டிருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு தடவை, கப்பலுக்குப் போகத் தயாராக அடுக்கியிருந்த மூடிகளைச் சரக்கு அறிக்கையோடு சரிபார்த்துக் கொண்டிருந்தேன். மூடியில் வாங்குகிற நகரத்தின் பெயர் இருந்தது, நாட்டின் பெயர் இருந்தது. அறிக்கையில் எங்கள் வங்கியின் பெயர் இருந்தது. எழுத்துகளை மாதிரியில் பதிக்கிற வயதான மிஸ்திரியிடம், "தாதா, உங்கள் பெயர் எங்கே?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"மேனேஜர் பாபு, ஆர்டரில் இருந்தால் போடுவேன்" என்றார். சிரிக்கவில்லை.

இந்தக் கதைக்கு நம் தமிழிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. நியூசிலாந்தில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் 1836 வாக்கில் வாங்காரே பகுதியில் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேக வைப்பதைப் பார்த்தார். பாத்திரம் என்று அவர்கள் வைத்திருந்தது உண்மையில் ஒரு உடைந்த மணி. ஒரு சாண் உயரம் கூட இல்லை. அதைச் சுற்றி வார்ப்பிலேயே வந்த எழுத்துகள். அங்கே யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. தமிழ்! முகைதீன் பக்ஷ் என்பவருடைய கப்பலின் மணி என்பது அதன் பொருள். அது எப்படி அங்கே போனது என்று ஆளாளுக்கு ஒரு ஊகம். கொலென்சோ அதை நியூசிலாந்து அரும்பொருளகத்துக்கு விட்டுச் சென்றார், இன்று வெலிங்டனில் தே பாப்பா அரும்பொருளகத்தில் இருக்கிறது.

அந்தக் கப்பலின் பக்கத்திலும் யாராவது பெயர் எழுதியிருப்பார்கள். பெயிண்ட் கடலோடு போயிற்று. மணியில் வார்த்த பெயர் அடுப்பில் வெந்தும் நின்றது. அதனால்தான் முகைதீன் பக்ஷ் என்று ஒருவர் இருந்தார் என்று நமக்குத் தெரிகிறது. ஆனால் பாருங்கள், அதிலும் கப்பல்காரர் பெயர்தான். அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அமைத்து வார்த்தவர் பெயர் இல்லை. பெலிலியஸ் ரோடு மிஸ்திரி சொன்ன அதே விதி. ஆர்டரில் இல்லை.

வண்டிகளுக்குத் திரும்புவோம். ஹவுராவுக்கு வடக்கே ஆற்றங்கரையிலேயே இருக்கிறது உத்தர்பாடா. 1942ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1948ல் அங்கே வந்தது. 1950களின் கடைசியில் ஆரம்பித்து 2014 மே மாதம் வரை அம்பாசடர் அங்கேதான் பிறந்தது. கல்கத்தாவின் மஞ்சள் டாக்ஸிகள் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். குரோம் பூசிய இரும்பு பம்பர், மஞ்சள் உடம்பு, அதன் மேல் பெயிண்டர் கையால் எழுதிய கறுப்பு எழுத்துகள். பதினைந்து வருடம் ஓடிய வண்டிகளை விலக்கும் விதியால் அந்த டாக்ஸிகள் வருடா வருடம் குறைந்து கொண்டே போகின்றன.

நம்பர் பிளேட்டும் பெயிண்டர் கையை விட்டுப் போய் விட்டது. 2001ல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டைக் கொண்டு வந்தார்கள். மாநிலங்கள் இழுத்தடித்து, சுப்ரீம் கோர்ட் கடிந்துகொண்டு, 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு எல்லாம் கட்டாயமாயிற்று. உங்கள் வண்டியில் தொட்டுப் பாருங்கள். அலுமினியத் தகட்டில் எண்கள் மேடாக இருக்கும், மேட்டின் மேல் மட்டும் கறுப்புப் படலத்தைச் சூட்டில் ஒட்டியிருப்பார்கள். உற்றுப் பார்த்தால் அந்தக் கறுப்புக்குள் 'இந்தியா' என்று ஆங்கிலத்தில் சாய்வாகத் திரும்பத் திரும்ப வரும். எமரித் தாளில் தேய்த்த அதே பழைய வித்தையை மெஷின் செய்கிறது. வண்டித் திருட்டைத் தடுக்க நல்ல ஏற்பாடுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு பெயிண்டருடைய '5'க்கும் இருந்த தனி வளைவு அதோடு போயிற்று என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

அதனால் பம்பர் எழுத்துக்கு வீட்டில் பெயிண்ட் அடிக்கிறவர்களைப் பார்த்து வேலை இல்லாதவர்கள் என்று சிரிக்காதீர்கள். அச்சில் வந்த எழுத்தில் நமக்குப் பங்கு கிடையாது. அதற்கு நிறம் கொடுக்கிற அரை மணி நேரத்தில்தான் அந்த வண்டி மேல் நம் கை படுகிறது. ஊரை விட்டு வந்து, வேறு யாரோ வார்த்து வைத்த ஊரில் வாழ்கிற நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. நாம் செய்வதும் ஏறக்குறைய அதுதானே? வாசலில் ஒரு கோலம், கதவில் ஒரு மாவிலை.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நியூ ஜெர்சியிலோ மன்ஹாட்டனிலோ இருக்கிறவர்கள் அடுத்த தடவை பிள்ளைகளோடு நடந்து போகும்போது ஒரு மேன்ஹோல் மூடி பக்கத்தில், நடைபாதை ஓரமாக, கொஞ்சம் நில்லுங்கள். 'இந்தியா' என்று இருந்தால் பிள்ளைகளிடம் காட்டுங்கள். ஹவுரா என்று ஒரு ஊர் இருக்கிறது, அந்த எழுத்தை ஒருவர் மணலில் திருப்பிப் பதித்திருக்கிறார், இன்னொருவர் இரும்பைத் தூக்கி வந்து ஊற்றியிருக்கிறார் என்று சொல்லுங்கள். அவர்கள் பெயர் அங்கே இருக்காது. வாயால்தான் சொல்ல வேண்டும்.